கு.தொ.க. ஏன் பி.கே.கே. ஆனது? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் துருக்கிச் செய்தி ஒன்றைப் பற்றிக் கேட்டிருந்த வாசகருக்குப் பதில் எழுதும்போது, “பி.கே.கே. என்பது ஆங்கிலச் சுருக்கம் இல்லை, குர்திய மொழிச் சுருக்கம்” என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். துருக்கி அரசோடு மோதிவந்த குர்து மக்களின் ஆயுத இயக்கம் அது; 2025 மே மாதம் தன்னைக் கலைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்ததே, அந்தச் செய்திதான். அரசியல் பேசிக் கடிதம் வரும், திட்டியும் வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததெல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு. நம்ம கரையோர வாசகர்களின் ரசனையே தனி. சரி, இந்த முறை முழு இடமும் அதற்கே.

கேள்வி: குர்திய மொழி என்றால் பி.கே.கே.யின் முழுப்பெயர் என்ன? ஈராக்கில் இருக்கும் இன்னொரு குர்துக் கட்சியை ஒரு புத்தகத்தில் கே.டி.பி. என்றும் இன்னொன்றில் பி.டி.கே. என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி, பரீட்சையில் எதை எழுதுவது? (டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் தம்பி, தங்கச்சிமடம்)

பதில்: இரண்டும் சரிதான் தம்பி, ஒன்று அவர்கள் மொழியில் சுருக்கியது, இன்னொன்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டுச் சுருக்கியது. நாம் ‘குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி’ என்று கட்சியைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறோம். குர்தியர்கள் கட்சியிலேயே ஆரம்பிப்பார்கள்: ‘பார்த்தியா கார்கெரேன் குர்திஸ்தானே’. பார்த்தி என்றால் கட்சி, கார்கெர் என்றால் தொழிலாளி. மூன்று சொல், மூன்று முதலெழுத்து, பி.கே.கே. தமிழில் சுருக்கினால் கு.தொ.க. என்று தலைகீழாக வரும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சுருக்கினால் கே.டபிள்யூ.பி. என்று வரவேண்டும், ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை. 1978-ல் வைத்த குர்தியப் பெயரின் சுருக்கமே உலகம் முழுக்க நின்றுவிட்டது.

நீங்கள் சொல்லும் ஈராக் கட்சிக்கு அப்படி நிற்கவில்லை. அது 1946-ல் முஸ்தஃபா பர்ஸானி தலைமையில் வந்த கட்சி, ‘பார்த்தியா டெமோக்ராத் ஆ குர்திஸ்தானே’, ஆக பி.டி.கே. ஆங்கிலப் பத்திரிகைகள் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டு கே.டி.பி. ஆக்கிவிட்டன, கட்சி முன்னாலிருந்து பின்னால் போய்விட்டது. ஜலால் தலபானி 1975-ல் தொடங்கிய கட்சிக்கு, அதாவது குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியத்துக்கு, இன்னும் மோசம். குர்தியத்தில் ‘யெகீதியா நிஷ்திமானீ யா குர்திஸ்தானே’, ஒய்.என்.கே.; ஆங்கிலத்தில் பி.யு.கே. கடைசி எழுத்தைத் தவிர ஒன்றுகூட ஒட்டவில்லை, இரண்டும் ஒரே கட்சி என்று தெரியாமல் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர்கள் உங்கள் கோச்சிங் சென்டரிலேயே இருப்பார்கள்.

அந்த முழுப்பெயர்களின் நடுவே தனியாக ஓர் ‘ஆ’வும் ‘யா’வும் நிற்கிறதே, கவனித்தீர்களா? சொல்லையும் சொல்லையும் இணைக்கிற ஒட்டு அது, நம் ‘உடைய’ மாதிரி வேலை செய்யும். சுருக்கும்போது அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நமக்கு இந்தத் தொல்லை இல்லை, நம் உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும்.

இதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. தமிழ்நாட்டுச் சுருக்கத்தில் கடைசி எழுத்து ‘க’ என்றால் கழகமோ கட்சியோ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். குர்தியத்தில் முதல் எழுத்து ‘பி’ என்றால் பெரும்பாலும் கட்சி: பி.கே.கே., பி.டி.கே., சிரியாவின் பி.ஒய்.டி. எல்லாமே அப்படி. சிரியாவின் ஒய்.பி.ஜி. என்பது கட்சி இல்லை, படை. ‘யெகீனெயேன் பாராஸ்தினா கெல்’, மக்கள் பாதுகாப்பு அலகுகள். கடைசி எழுத்து ஜே ஆனால் பெண்கள் படை, ‘ஜின்’ என்றால் பெண்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் சிரிய ஜனநாயகப் படைகள். ஆங்கிலத்தில் எஸ்.டி.எஃப்., குர்தியத்தில் எச்.எஸ்.டி., அரபியில் மூன்று எழுத்தையும் சேர்த்து ‘கஸத்’ என்று ஒரே சொல்லாகவே படித்துவிடுகிறார்கள். ஒரே படையைப் பற்றி மூன்று செய்தி படித்தால் மூன்று படை என்று நினைத்துக்கொள்வோம். நம்ம தி.மு.க. இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது, ஆங்கிலத்தில் டி.எம்.கே. என்று போட்டாலும் உள்ளே இருப்பது திராவிட, முன்னேற்ற, கழகம் என்ற அதே மூன்று சொல்தான், வரிசைகூட மாறவில்லை.

பரீட்சைக்கு வருவோம். வினாத்தாளில் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கம்தான் வரும், அதனால் கே.டி.பி., பி.யு.கே. என்றே படித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குர்தியச் சுருக்கத்தையும் பென்சிலால் குறித்து வையுங்கள்.

கேள்வி: காக்கா, என் மச்சான் ஈராக்கில் எர்பில் நகரத்து ஹோட்டலில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு பள்ளிவாசல் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நபி பெயருக்குப் பக்கத்தில் நாம் ‘ஸல்’ போடுவோமே, அந்த இடத்தில் புள்ளி வைத்து இரண்டு எழுத்து இருக்கிறது. அரபி எழுத்துதான், எனக்கு ஓதத் தெரியும், ஆனால் அது என்னவென்று புரியவில்லை. (கீழக்கரை)

பதில்: தால் ஒன்றும் கே ஒன்றும் இருந்திருக்குமே? எழுத்து அரபி எழுத்து, மொழி அரபி இல்லை, அதனால்தான் ஓதத் தெரிந்தும் பிடிபடவில்லை. எர்பிலில் பேசுவது சொரானி என்கிற குர்தியம். ‘துரூதீ குவாய் லெசெர் பேத்’ என்பதன் சுருக்கம் அது. குவா என்றால் இறைவன். இறைவனின் வாழ்த்து அவர் மீது உண்டாகட்டும் என்று பொருள். துரூதுக்கு தால், குவாவுக்கு கே, நடுவில் புள்ளி.

இதில் ஒரு வித்தியாசம் பாருங்கள். நாம் அரபி வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்பதன் தலையை மட்டும் நறுக்கி ‘ஸல்’ என்று வைத்துக்கொண்டோம். ‘ரலி’யும் ‘அலை’யும் அதே வகை. குர்தியர்கள் வாசகத்தை முதலில் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் சுருக்கியிருக்கிறார்கள். நபித் தோழர்களான சஹாபாக்கள் பெயருக்குப் பின்னால் நாம் ‘ரலி’ போடும் இடத்தில் அவர்கள் ரேயும் கேயும் போடுவார்கள், ‘றெஸாய் குவாய் லே பேத்’. அந்த ரேயின் காலடியில் ஒரு சின்ன வளைவு இருக்கும், மச்சானிடம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அரபியில் அந்த எழுத்து கிடையாது. சொரானியில் நம்மைப் போலவே ரகரமும் றகரமும் தனித்தனி, அந்த வளைவு போட்டது றகரம். நமக்கு ‘ற’ சொல்லுக்கு முதலில் வரவே வராது. அவர்களுக்கு நேர் எதிர், சொல்லுக்கு முதலில் வந்தால் அழுத்தமான ‘ற’ மட்டும்தான் வரும்.

கீழக்கரைக்காரர்களுக்கு இது புதுசாக இருக்கக் கூடாது. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு மேலேயும் கீழேயும் குறி போட்டு அர்வி என்று எழுதி வைத்தவர்கள் உங்கள் ஊர் ஆலிம்கள். 1898-ல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதில் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். சொரானிக்காரர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள். அரபியில் இல்லாத ஒலிகளான பேனாவின் ப, ச்ச, சங்கின் க போன்றவற்றுக்கு எழுத்து சேர்த்தார்கள், அரபியில் எழுதாமல் விடும் உயிர்க்குறிலைக்கூட இவர்கள் பெரும்பாலும் வரியிலேயே எழுதிவிடுவார்கள். நம்மூரில் அர்வி மங்கிவிட்டது. அங்கே சொரானி பள்ளிப் பாடமாக, அரசாங்க மொழியாக நிற்கிறது. 2005-ல் வந்த ஈராக் அரசியல் சாசனத்தில் அரபியும் குர்தியமும் இரண்டும் ஆட்சிமொழி.

அப்புறம் காக்கா, அங்கேயும் அண்ணனுக்கு ‘காக்’, ‘காக்கா’ என்றுதான் சொல்வார்கள். மச்சான் இந்நேரம் உங்களிடம் சொல்லாமலா இருந்திருப்பார்.

கேள்வி: கி.மு., கி.பி.க்கு அவர்கள் என்ன போடுவார்கள்? (வரலாற்று மாணவி, தேவிபட்டினம்)

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அழகன்குளம் அகழாய்வைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கி.மு., கி.பி. இல்லாமல் ஒரு பத்தி நகராது, இப்போது அதிலும் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) என்று புதுசு வந்துவிட்டது. குர்தியத்தில் குழப்பம் வேறு விதம், அங்கே ஒரே சுருக்கம் இடத்துக்கு ஏற்ப எதிர்ப்பொருள் தரும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதும்போது பஸ்ஸில் வரும் பி-யும் பேனாவில் வரும் பி-யும் ஒன்றாகவே தெரியும், அதனால் கீழே பஸ் பி, பேனா பி என்றே எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். துருக்கியிலும் சிரியாவிலும் பேசும் இன்னொரு வகைக் குர்தியமான குர்மாஞ்சியை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். அதில் ‘பெரீ ஸாயீனே’, அதாவது பிறப்புக்கு முன், என்பது பஸ் பி, இசட். ‘பிஷ்தீ ஸாயீனே’, பிறப்புக்குப் பின், என்பது பேனா பி, இசட். ஆக பேனா பி வந்தால் கி.பி. என்று மனப்பாடம் செய்துகொண்டு சொரானிப் புத்தகத்தைத் திறந்தால் போச்சு. அங்கே கி.மு.வே ‘பேஷ் ஸாயீன்’. பேஷ் என்றால் முன். அதன் சுருக்கம் பேனா பி-க்கு உரிய பே எழுத்தும் ஸே எழுத்தும். வடக்கே ‘பின்’ என்பதன் முதலெழுத்தும் தெற்கே ‘முன்’ என்பதன் முதலெழுத்தும் ஒன்றாகப் போய்விட்டதால் வந்த வினை. மொழிபெயர்ப்பாளர் அசந்தால் ஒரு சாம்ராஜ்யமே ஏசுவுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

சொரானியில் கி.பி. ஆண்டுக்கு வெறும் ஸே எழுத்து போட்டாலே போதும். ஹிஜ்ரி ஆண்டுக்கு காஃப் போடுவார்கள், ‘கோச்சி’யின் முதலெழுத்து. கோச் என்றால் இடம்பெயர்தல், ஹிஜ்ரத் என்ற சொல்லின் நேர்ப் பொருள். இங்கேயும் பாருங்கள், அரபுச் சொல்லைச் சுருக்கவில்லை, தங்கள் சொல்லைத்தான் சுருக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: ‘இத்யாதி’க்குக் குர்தியச் சுருக்கம் உண்டா? (மரைக்காயர்பட்டினம்)

பதில்: உண்டு. குர்மாஞ்சியில் ‘ஹெர் வெகீ தின்’, சுருக்கினால் எச், டபிள்யூ, டி, கடைசியில் ஒரு புள்ளி. சொரானியில் ‘ஹெதா துவாயீ’, கடைசிவரைக்கும் என்று அர்த்தம். அதில் ஹே, தே, தால் மூன்றையும் புள்ளியில்லாமல் சேர்த்தே எழுதிவிடுவார்கள்.

அந்த டபிள்யூவுக்கு ஒரு கதை இருக்கிறது. 1928-ல் துருக்கி அரபு எழுத்தை விட்டு லத்தீனுக்கு மாறியபோது சட்டம் போட்டு 29 எழுத்தை நிர்ணயித்தார்கள், அதில் க்யூ, டபிள்யூ, எக்ஸ் கிடையாது. 1932 மே 15 அன்று டமாஸ்கஸில் ஜெலாதத் அலீ பெதிர்கான் ‘ஹாவார்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, குர்மாஞ்சிக்கு 31 லத்தீன் எழுத்துகளை அமைத்துக் கொடுத்தார். அந்த 31-ல் இந்த மூன்றும் உண்டு. அந்த மே 15-ஐத்தான் இன்று குர்திய மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். பிறகு துருக்கிக்குள் குர்துகள் ‘நெவ்ரோஸ்’ புத்தாண்டு வாழ்த்தை டபிள்யூ போட்டு எழுதியதற்காக வழக்கு, அபராதம் என்றெல்லாம் நடந்தது. 2013-ல் அரசு கொண்டுவந்த சீர்திருத்தத்தில்தான் இந்த மூன்று எழுத்துக்கும் கதவு திறந்தது. அதுவரை ‘இத்யாதி’யைச் சுருக்கினாலும் சட்டத்துக்கு வெளியே இருக்கிற ஓர் எழுத்து நடுவில் உட்கார்ந்திருந்தது.

கேள்வி: எங்கட இயக்கங்களில் டெலோ, ஈரோஸ், புளொட் எண்டு சிலதைச் சொல்லாகவே சொல்லுவம். ஈ.பி.ஆர்.எல்.எஃப். எண்டால் எழுத்தெழுத்தாகத்தான். குர்துகளிலும் அப்படி இரண்டு விதமும் இருக்கிறதோ? (மண்டபம் முகாமிலிருந்து ஒரு அண்ணன்)

பதில்: இருக்கிறது அண்ணே, காரணமும் அதேதான். நடுவில் உயிரெழுத்து விழுந்தால் சொல்லாகிவிடும், விழாவிட்டால் எழுத்தெழுத்தாகத்தான் போகவேண்டும். ஈரான் பக்கத்து இயக்கம் ஒன்றின் பெயர் ‘பார்த்தியா ஜியானா ஆஸாத் ஆ குர்திஸ்தானே’. சுருக்கினால் பி.ஜே.ஏ.கே., ஆஸாதின் ‘ஆ’ உள்ளே இருப்பதால் ‘பெஜாக்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பி.கே.கே.யில் உயிரே இல்லை, எழுத்தெழுத்துதான். அதிலும் ஒரு வம்பு. கே என்ற எழுத்தின் பெயரை ‘கெ’ என்பவர்களும் உண்டு, ‘கா’ என்பவர்களும் உண்டு. ‘பெ-கெ-கெ’யா ‘பெ-கா-கா’வா என்பதை வைத்தே பேசுகிறவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று துருக்கியில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அவர் பாவம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி சொல்லியிருப்பார்.

நீங்கள் சொன்ன பெயர்களில் ஒன்றைக் கவனித்தீர்களா, டெலோ, ஈரோஸ் எல்லாமே ஆங்கிலப் பெயரின் சுருக்கம். தமிழுக்காகப் புறப்பட்ட இயக்கங்கள் முதலெழுத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டன, தமிழில் ‘புலிகள்’ மாதிரி ஒற்றைச் சொல்தான் புழங்கியது. குர்து ஆயுத இயக்கங்கள் இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதம், சுருக்கம் குர்தியத்திலேயே இருக்கும். ஆனால் துருக்கியில் தேர்தலில் நிற்கும் குர்துகளின் கட்சிகள் அப்படிச் செய்யவில்லை. எச்.டி.பி. (மக்களின் ஜனநாயகக் கட்சி) என்பது துருக்கிய மொழிப் பெயரின் சுருக்கம். அதைக் குர்தியத்தில் ‘பார்த்தியா டெமோக்ராதீக் ஆ கெலான்’ என்று விரிப்பார்கள், பி.டி.ஜி. என்று வரவேண்டும், ஆனால் குர்தியப் பத்திரிகையிலும் எச்.டி.பி.தான். மண்டபத்திலேயே பாருங்களேன், 1947-ல் வந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தை ம.க.மீ.ஆ.நி. என்று யாராவது சொல்கிறோமா? சி.எம்.எஃப்.ஆர்.ஐ. என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும்.

சுருக்கத்துக்காகவே நீதிமன்ற வாசல் பார்த்த கதையும் இந்த வரிசைக் கட்சிகளில் உண்டு. 2023 அக்டோபரில் ஒரு கட்சி பெயர் மாற்றி ‘ஹெதெப்’ என்று சுருக்கம் வைத்துக்கொண்டது. துருக்கியின் மேல்முறையீட்டு நீதிமன்றத் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. 2003-ல் அரசியல் சாசன நீதிமன்றம் மூடிய ‘ஹாதெப்’ கட்சியின் பெயரைப் போலவே ஒலிக்கிறது, மாற்று என்றார்கள். கட்சியின் முழுப்பெயரில் குற்றம் இல்லை, கொள்கையில் குற்றம் இல்லை, ஆவும் எயும் மட்டும் மாறின ஒரு சுருக்கம்தான் பிரச்சினை. அந்த ஆண்டு முடிவதற்குள் ‘டெம் கட்சி’ என்று சுருக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். முழுப்பெயர் அப்படியே இருக்கிறது. டெம் என்றால் குர்மாஞ்சியில் காலம், நேரம். தெரிந்துதான் வைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: தி.மு.க.வுக்குப் புள்ளி வைப்பதா, திமுகவுக்கு என்று சேர்ப்பதா என்று எங்கள் அச்சகத்தில் தினமும் சண்டை. குர்தியத்தில் இந்தச் சண்டை உண்டா? (ராமநாதபுரம்)

பதில்: உண்டு, ஆனால் ஒரு பாதிப் பேருக்குத்தான். லத்தீன் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு இருப்பதால் குர்மாஞ்சிக்காரர்கள் பெரிய எழுத்தில் மூன்றைப் போட்டாலே போதும், புள்ளி இல்லாமலேயே இது சுருக்கம் என்று தெரிந்துவிடும். தமிழுக்கும் அரபு எழுத்துக்கும் அந்த வசதி இல்லை. அரபு எழுத்தில் இன்னொரு சங்கடம், பக்கத்து எழுத்தோடு கைகோத்துக்கொள்ளும், புள்ளி வைக்காவிட்டால் ஏதோ ஒரு சொல் மாதிரியே ஆகிவிடும். அதனால் சொரானியில் ஒய்.என்.கே.க்கு உரிய யே, நூன், காஃப் மூன்றையும் புள்ளி வைத்துப் பிரித்தும் எழுதுகிறார்கள், பழகிப்போனதால் சேர்த்து ஒரே முடிச்சாகவும் எழுதுகிறார்கள். பேச்சில் இந்தத் தொல்லையே வேண்டாமென்று ‘யெகேதீ’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள், பர்ஸானியின் கட்சி வெறும் ‘பார்த்தி’. நாம் ‘கழகம்’ என்றால் எந்தக் கழகம் என்று ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்வது போல.

நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, நாம் எடுப்பது உயிர்மெய். ‘தி’ என்றால் திராவிடத்தின் தி, ‘தே’ என்றால் தேசியத்தின் தே, தி.மு.க.வும் தே.மு.தி.க.வும் மோதிக்கொள்வதில்லை. குர்தியத்தில் ஒற்றை மெய்யை மட்டும் எடுப்பதால் மோதல் அதிகம். ஐக்கிய நாடுகள் சபைக்கு ‘நெதெவெயேன் யெக்பூயீ’, என்.ஒய்., ஆங்கிலம் பழகிய கண்ணுக்கு அது நியூயார்க். ரயில்வே குறியீட்டில் பி.எம்.கே. என்றால் பரமக்குடி, டி.வி.யைப் போட்டால் அதே பி.எம்.கே. பா.ம.க. ஆகிவிடுகிறதே, அந்த மாதிரி.

உருபு ஒட்டுவதில்தான் உங்கள் சண்டை அங்கேயும் நடக்கிறது. நாம் நடுவில் ஒரு ‘வ்’வை விட்டு தி.மு.க.வை, தி.மு.க.வுக்கு என்கிறோம். குர்மாஞ்சியில் பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் உண்டு. பார்த்தி பெண்பால், அதனால் பி.கே.கே.யும் பெண்பால். ‘பி.கே.கே.யின்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் தொப்பி போட்ட லத்தீன் ஈ (ê) எழுத்தை வாலில் ஒட்டுவார்கள். சிலர் நேராக ஒட்டுகிறார்கள், சிலர் நடுவில் மேற்கோள் கொம்பு ஒன்றைப் போட்டு ஒட்டுகிறார்கள். அந்தக் கொம்பு துருக்கிய எழுத்து வழக்கத்திலிருந்து வந்தது. துருக்கிய வாடை வேண்டாம் என்பவர்கள் கொம்பில்லாமல் எழுதுவார்கள். ஒரே பத்திரிகையில் இரண்டும் வருவதும் உண்டு. உங்கள் அச்சகத்துக்கு என் யோசனை: ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரே பக்கத்தில் இரண்டையும் போட்டுத் தொலைக்காதீர்கள்.

கேள்வி: குர்துகளுக்கு இனிஷியல் உண்டா? (தொண்டி)

பதில்: நம்மைப் போல அப்பா பெயரை ஓர் எழுத்தாக்கி முன்னால் தொங்கவிடும் பழக்கம் இல்லை. ஈராக்கில் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் மூன்றையும் முழுசாக அடுக்குவார்கள். துருக்கியில் 1934-ல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்து ஆளுக்கொரு குடும்பப் பெயர் கட்டாயமாகிவிட்டது. சுருக்கம் வேண்டுமென்றால் பெயரையே கடித்துவிடுவார்கள், சொரானியில் முஹம்மது ‘ஹெமெ’ ஆகிவிடுவார். பெயருக்கு முன்னால் ஓரெழுத்து பார்த்தீர்களென்றால் அது பட்டம். தால் என்றால் டாக்டர், மீம் என்றால் மாமோஸ்தா, அதாவது வாத்தியார்; பள்ளிவாசல் இமாமையும் மாமோஸ்தா என்றே அழைப்பார்கள். பெரிய தலைவர்களுக்கு எழுத்தே தேவைப்படவில்லை. தலபானி ஈராக்கின் ஜனாதிபதியான பிறகும் ‘மாம் ஜெலால்’தான், மாம் என்றால் அப்பாவின் அண்ணனோ தம்பியோ. முஸ்தஃபா பர்ஸானியின் மகன் மஸூத் பர்ஸானி ‘காக் மஸூத்’.

கேள்வி: எர்பிலுக்கு வேலைக்குப் போகிறேன், ஏஜென்ட் டிக்கெட் எடுத்துவிட்டார். எந்தெந்தச் சுருக்கம் தெரிந்திருக்க வேண்டும்? (வாலிநோக்கம்)

பதில்: டிக்கெட்டில் ஈ.பி.எல். என்று இருக்கிறதா பாருங்கள், அது எர்பில் விமான நிலையம். ஐ.எஸ்.யு. என்று இருந்தால் சுலைமானியா, வேறு ஊர், உடனே ஏஜென்டைப் பிடியுங்கள். ஊருக்குள் போனபின் ‘ஹவ்லேர்’ என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், எர்பிலின் குர்தியப் பெயர் அதுதான். ஆங்கிலக் காகிதத்தில் கே.ஆர்.ஜி. என்று வந்தால் குர்திஸ்தான் வட்டார அரசு. கே24 என்பது டி.வி. சேனல்.

போனில் குர்திய மொழியைத் தேடினால் பட்டியலில் இரண்டு மூன்று இருக்கும். எர்பிலுக்கு வேண்டியது சி.கே.பி. என்ற குறியீடு, நடுக் குர்தியம், அதாவது சொரானி. கே.எம்.ஆர். என்பது குர்மாஞ்சி. டோஹூக் பக்கம் போனால் பேசுவது குர்மாஞ்சி வகை, எழுதுவதோ அரபு எழுத்தில், அதனால் சுவரைப் பார்த்து மொழியைக் கணிக்க முடியாது.

மணி விஷயத்தில்தான் ஜாக்கிரதை. சொரானியில் காலை நேரத்துக்கு பே, நூன் என்று இரண்டெழுத்து போடுவார்கள், ‘பேஷ் நீவெரோ’, மத்தியானத்துக்கு முன். மாலைக்கு தால், நூன். குர்மாஞ்சியில் மேலே அந்த மாணவிக்குச் சொன்ன அதே வம்பு, ‘பிஷ்தீ நீவ்ரோ’ என்றால் மத்தியானத்துக்குப் பின், அதன் முதலெழுத்தும் பேனா பி. டியூட்டி சார்ட்டில் ஒன்பது மணி பே, நூன் என்று எழுதியிருந்தால், எழுதினவர் எந்த ஊர்க்காரர் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல், ‘பெயானீ’யா, ‘ஏவாரெ’யா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். முதலாவது காலை, இரண்டாவது சாயங்காலம்.